செங்கமலம் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

பெண் பார்க்க வந்த அன்று ஹேமலதா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைத்தான் பார்த்தாள். ஒல்லிக் கழுத்து. காபியை விழுங்கும்போது குரல்வளை மேலும் கீழும் போய் வந்தது. துரைக்கண்ணு அண்ணன் பாடிய பாட்டைப் பாட இந்தத் தொண்டைதானா கிடைத்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வந்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பெண் வெட்கப்பட்டுக்கொண்டு நிமிராமல் இருக்கிறாள் என்று சந்தோஷமாக வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு, ஹேமலதா பிறந்த ஊர். அங்கே நெசவுக்காரர்கள் சேர்ந்து ஒரு நாடக ஜமா வைத்திருந்தார்கள். பகலெல்லாம் தறிக்குழியில் இருக்கிற கால், ஆடித் திருவிழா வந்தால் சலங்கை கட்டிக்கொள்ளும். அவர்களே கதை கட்டி, அவர்களே பாட்டு எழுதி, தொண்ணூறாம் வருஷம் முதன்முதலாக ஆடிய நாடகம் 'செங்கமலவல்லி'.

கதை பெரிய கதையில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒரு ராஜா தன் தங்கையை நாட்டைவிட்டுத் துரத்திவிடுகிறான். பிறகு நாடு போய், நகரம் போய், பிச்சை கேட்டு ஒரு வாசலில் வந்து நிற்கிறான். அது அவள் வீடு. அவனுக்கு அவளைத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் கூனிக் குறுகிப் பசியோடு எழுந்து போய்விடுவான். அதனால் யாரோ வழிப்போக்கனுக்குப் போடுவதுபோல இலை போட்டுச் சோறு போடுகிறாள். அந்தச் சோறு போடும் பாட்டைக் கேட்கத்தான் தேவிகாபுரத்திலிருந்தெல்லாம் ஜனம் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தது.

செங்கமலவல்லியாக ஆடியவர் துரைக்கண்ணு. மற்ற மாதங்களில் அடர்த்தியான மீசை வைத்த மனிதர். ஆடி பிறந்தால் மீசையை எடுத்துவிடுவார். காலண்டர் பார்க்காதவர்கள்கூட அவர் மேலுதட்டைப் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடலாம் என்று ஊரில் கேலி உண்டு. ஆனால் வேஷம் கட்டிக்கொண்டு திரையை விலக்கி வந்தாரானால் கேலி பேசியவனே வாயைப் பொத்திக்கொள்வான். 'யார் பெற்ற பிள்ளையோ, என் வாசல் வந்தீரே, ஆறுமுன்னே உண்ணுமையா' என்று பாடிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி, 'அண்ணா' என்று ஒரு இழுப்பு இழுப்பார். மூன்று சுற்று. முதல் சுற்றில் பெண்கள் முந்தானையைத் தேடுவார்கள். மூன்றாவதில் ஆம்பிளைகள் துண்டைத் தேடுவார்கள்.

அந்தக் கட்டத்தில் செங்கமலவல்லி கட்டிக்கொள்வது ஏதாவது ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணப் புடவையாக இருக்க வேண்டும். அது ஜமாவின் வழக்கம். எந்த வீட்டுப் புடவை என்பதில் பெண்களுக்குள் அடிதடி நடக்காத குறை. நாடகம் முடிந்ததும் மஞ்சள் குங்குமத்தோடு புடவை வீடு திரும்பும். ஒரே ஒரு கட்டுப்பாடு: வேஷக்காரன் சொந்த வீட்டுப் புடவை ஆகாது. கட்டினால் அந்த அழுகை வீட்டுக்குள் புகுந்துவிடும் என்பார்கள்.

இரண்டாம் வருஷம் ஹேமலதாவின் அம்மா புடவைக்கு யோகம் அடித்தது. அரக்குப் புடவை, பச்சைக் கரை. தாம்பாளத்தில் வைத்து எடுத்துப்போனவள் ஹேமலதா. அப்போது அவளுக்குப் பதினாறு வயசு. அரிதாரம் பூசிய முகத்தோடு துரைக்கண்ணு புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்கம்மா பொடவைக்கு நான் கெட்ட பேர் வெக்க மாட்டன் பாப்பா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் வேறு யாரையும் செங்கமலமாக நினைத்துப் பார்த்ததில்லை.

அவளுடைய அண்ணன் அந்த வருஷ நாடகத்தை டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தான். நடுவில் ஒரு குழந்தை அழும், யாரோ முறுக்கு வேண்டுமா என்று கேட்பார்கள். தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தால் ஹேமலதா அந்தக் கேசட்டைத்தான் போடுவாள். ராட்டை சத்தத்துக்கும் மேலே துரைக்கண்ணுவின் மூன்று சுற்று கேட்கும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வாள். அந்த வயசில் அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கோமாளி சின்னப்பையன் மாமனார் நிலத்தைப் பார்க்கப் படவேட்டுக்குப் போனார். துரைக்கண்ணு மச்சான் போட்ட பவர்லூமைக் கவனித்துக்கொள்ளப் பெங்களூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அடுத்த ஆடியில் செங்கமலமாக வந்தவன் ஆரணிப் பையன் வேணுகோபால். அந்த வருஷம் ஹேமலதா நாடகத்துக்கே போகவில்லை. போகாமல் இருந்தால் ஆயிற்றா? இரண்டு வருஷத்தில் அந்த வேணுகோபாலே காபி குடிக்க வீட்டுக்கு வந்துவிட்டான்.

சீர்வரிசையில் எழுதாத சாமானாக அந்தக் கேசட்டும் அவளோடு ஆரணிக்கு வந்தது. புதுப் பெண்டாட்டி தார் சுற்றிக்கொண்டு இன்னொருவர் பாட்டைக் கேட்கிறாள், புருஷன் எதிரே தறியில் உட்கார்ந்து நெய்கிறான். வேணுகோபால் ஒரு நாளும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு 'அண்ணா' என்ற இடத்துக்கு வரும்போது மட்டும் தறி நின்றுவிடும், முடிந்ததும் மறுபடி ஓடும்.

வேணுகோபாலுக்குத் தம் பற்றாது. மூன்று சுற்று என்ன, ஒரு சுற்றே திண்டாட்டம். அதனால் அவன் அந்த இடத்தில் 'அ' என்று வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திவிடுவான். ஒன்றும் பாடாமல் குனிந்து சோற்றைப் போடுவான். குழம்பை ஊற்றுவான். அப்புறம்தான் அடுத்த அடியை எடுப்பான். ஒவ்வொரு ஆடியிலும் நாடகம் முடிந்து தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "எப்பிடி இருந்திச்சி ஹேமா?" என்று கேட்பான்.

"உம். இருந்திச்சி. துரைக்கண்ணு அண்ணன் அந்த எடத்துல மூணு சுத்து இழுப்பாரு."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். துரைக்கண்ணுவுக்கு ஒருமுறை தாளம் தப்பியதை அவள் கேசட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அது அழகு என்பாள். வேணுகோபாலுக்குத் தப்பினால் அது தப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். உள்வீட்டு மாடு எங்கே போகப்போகிறது?

இரண்டாயிரத்து ஏழில், பட்டுக்கடை சிவப்பிரகாசம் ஒரு காரியம் செய்தார். பழைய ரசிகர் அவர். சின்னப்பையனைப் படவேட்டில் தேடிப் பிடித்தார், துரைக்கண்ணுவுக்குப் பெங்களூருக்குப் போன் போட்டார். முதல் வருஷம் ஆடியவர்களையே வைத்து ஒரே ஒரு ஆட்டம், ஆரணியில், கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம். சுவரெல்லாம் நோட்டீஸ். 'பழைய ஜமா திரும்பி வருகிறது.' டீக்கடையில் அதே பேச்சு, சாயக்கடையில் அதே பேச்சு. செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற பையன்கள்கூட, அப்பன்மார் வாயைத் திறந்துகொண்டு பழைய கதை சொல்வதை நின்று கேட்டார்கள்.

ஹேமலதாவுக்குக் காலே தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளிடம், "நான் தாம்பாளத்துல வெச்சி எடுத்தும்போனன் தெரியுமா? என்னாண்ட பேசினாரு" என்று பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிவப்பிரகாசம் வந்தார். வேணுகோபாலிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோச்சிக்காத வேணு. இந்த ஒரு தபா நீ பின்பாட்டுல நில்லு. ஜனம் பழைய ஆளுங்களப் பாக்கணும்னு ஆசப்படுது."

"இதுல கோவிக்கறதுக்கு இன்னாங்க இருக்குது? நானும்தான் பாக்கணும்" என்றான் வேணுகோபால்.

அவர் போன பிறகு தறியில் உட்காராமல் பெட்டியை இறக்கினான். சவுரிமுடி, புஜக்கட்டை, சலங்கை எல்லாம் இருக்கிற வேஷப் பெட்டி. ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான்.

"இன்னாத்துக்கு இப்ப தொடைக்கறீங்க?"

"துரைக்கண்ணு அண்ணனாண்ட குடுத்துடலாம்னு. அவரு ஜமாவுக்கு வாங்கினதுதான இது. இதோட நான் நிறுத்திக்கறன் ஹேமா."

"ஏன்?"

"இத்தினி வருசமா ஜனம் அவர நெனச்சிகினே என்னப் பாத்துகினு இருந்திச்சி. நீயுந்தான். எனக்கே பேஜாராப் பூட்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகச் சொன்னான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதானே?

இந்த முறை புடவை யாருடையது என்ற கேள்வி வந்ததும் அவள் முந்திக்கொண்டாள். அவளுடைய கல்யாணப் புடவை, மாம்பச்சை உடல், அரக்குக் கரை. இத்தனை வருஷம் வேணுகோபால் வேஷக்காரன் என்பதால் அந்தப் புடவைக்கு மேடை பார்க்கும் பாக்கியமே இல்லை. துரைக்கண்ணு வெளியாள், கொடுக்கலாம். கொடுத்தாள். மண்டபத்தில் மணமகள் அறையில் வைத்து அதைத் துரைக்கண்ணுவுக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டவன் வேணுகோபால்தான். அவர் இடுப்பு பெருத்திருந்தது. புடவை எட்டாமல் போகுமோ என்று பயந்து, ஒரு மடிப்பைக் குறைத்துச் சரிசெய்தான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. திரை விலகி துரைக்கண்ணு வந்தபோது எழுந்த சத்தத்தில் மத்தளமே அமுங்கிப்போனது. நரைத்த தலைகள் விசில் அடித்தன. சின்னப்பையன் கோமாளியாக வந்து அதே பழைய நையாண்டியைச் சொன்னார். அவர் சொல்வதற்குள் ஜனமே முடித்துவிட்டுச் சிரித்தது. ஹேமலதா முதல் நிமிஷத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். பச்சைக் கரைப் புடவையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்த பெண்ணை நினைத்து அழுதாள். அம்மா இப்போது இல்லை, அதை நினைத்து அழுதாள். கேசட்டும் போன வருஷம் அறுந்துபோய்விட்டது. எல்லாம் ஒரு மத்தியானத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

சோறு போடும் கட்டம் வந்தது. அவள் புடவையில், அவளுடைய செங்கமலம். 'ஆறுமுன்னே உண்ணுமையா' என்று பாடிவிட்டு துரைக்கண்ணு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மண்டபமே மூச்சைப் பிடித்தது. 'அண்ணா' என்று எடுத்தார். குரலில் வயசு தெரிந்தது, ஆனால் உடையவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவதும் கேசட்டில் கேட்டபடியே இம்மி பிசகாமல் ஏறி இறங்கியது. கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்போல இருந்தது.

ஹேமலதா கை தட்டவில்லை. அவள் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று அவளுக்கே முதலில் புரியவில்லை. இலையில் சோறு விழுகிற அந்தச் சின்ன சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது கைதட்டலில் கேட்கவே இல்லை.

"அங்க நிறுத்தணும்" என்றாள் வாய்விட்டு.

ரேணுகாம்பாள் தொடையில் ஒரு அடி போட்டாள். "இன்னாடி ஒளர்ற? இதான்டி அந்தக் காலத்துப் பாட்டு. இதுக்குத்தான வாயக் கிழிச்சிகினு இருந்த!"

"நிறுத்தணும்டி. அண்ணன்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான சோறு போடறா? இப்பிடிக் கத்தினா ஊருக்கே தெரிஞ்சிடாது?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தைத்தது. வருஷா வருஷம் அவன் வாயைத் திறந்து நிறுத்திக் குனிந்தபோதெல்லாம் அவளுக்குக் கண் நிறைந்திருக்கிறது. அதைத் துரைக்கண்ணுவை நினைத்து வந்த அழுகை என்றே கணக்கு வைத்திருந்தாள். மேடையின் ஓரத்தில் பின்பாட்டுக்காரர்களோடு வேணுகோபால் நின்றான். எல்லோரும் பாடும்போது அவன் வாய் மட்டும் 'அ' என்று திறந்தபடி நின்றிருந்தது. அவன் கை தன்னை அறியாமல் சோறு போடுவதுபோல மெல்லத் தாழ்ந்தது. அதை அந்த மண்டபத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நாடகம் முடிந்ததும் மணமகள் அறைக்குப் போய் துரைக்கண்ணுவின் காலில் விழுந்தாள். அந்த மரியாதையில் அவள் குறை வைக்கவில்லை.

"பொடவைக்குக் கெட்ட பேர் வெக்கலையே?" என்றார் அவர். யாருடைய புடவை, எந்த வருஷம் என்றெல்லாம் அவருக்கு நினைவிருக்காது. எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வருத்தம் வரவில்லை.

"இல்லண்ணா. அப்பிடியே இருந்திச்சி. கொஞ்சங்கூட மாறல" என்றாள். அதுவும் உண்மைதான்.

மூலையில் வேணுகோபால் வேஷப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். கொடுப்பதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துப் புடவையை அவளிடம் நீட்டினார்கள். இன்னும் துரைக்கண்ணுவின் உடம்புச் சூடு அதில் இருந்தது. அவள் நேராகப் போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, சவுரிமுடிக்குப் பக்கத்தில் புடவையை வைத்து மூடினாள்.

"இன்னா பண்ற?"

"வர்ற ஆடிக்கு இதக் கட்டிக்கினு ஆடுங்க."

சின்னப்பையன் பாதி துடைத்த கோமாளி முகத்தோடு திரும்பிப் பார்த்தார். வேணுகோபால் குரலைத் தாழ்த்தினான்.

"சொந்த வூட்டுப் பொடவ ஆகாது ஹேமா. அழுக வூட்டுக்கு வந்துடும்."

"அது எப்பவோ வந்துச்சி. நான்தான் வேற யாரோட அழுகன்னோ நெனச்சிகினு இருந்தன்."

அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"வாங்க ஜல்தி, பஸ்ஸு பூடும்" என்றாள் ஹேமலதா. பஸ் பிடிக்க வேண்டிய தூரத்தில் அவர்கள் வீடு இல்லை. அடுத்த தெருதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முன்னால் நடந்தாள்.