மாப்பிள்ளை வீட்டு பம்பர்

திருவிடைமருதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். எந்த வண்டியைக் கண்டாலும் "வரலாம், வரலாம்" என்று கையசைப்பார். நிறுத்தச் சொல்லும் சைகையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை போலும்.

புதிதாக லைசென்ஸ் வாங்கிய என் மகள் காரைப் பின்னால் எடுத்தாள். எதிர்வரிசையில் ஒரு பெரியவரும் எடுத்தார். இருவரையும் விசில்காரர் வரச் சொன்னார். வந்தார்கள், இடித்துக்கொண்டார்கள்.

நியாயம் கேட்டு இறங்கினேன். விசில்காரர் கார்களைப் பார்க்கவே இல்லை.

"நீங்க யாரு வீட்டுப் பக்கம் சார்?"

"பொண்ணு வீடு."

"அவரு மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. அப்ப தப்பு உங்க மேலதாங்க."

"ரெண்டு பேரையும் நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"வர்றவங்கள வாங்கன்னுதானே சார் சொல்லணும்?"

இந்தச் சட்டத்தை என் பட்டப்படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. வழக்கில் வென்ற பெரியப்பா, நசுங்கிய பம்பரை மறந்து பந்திக்குப் போனார்.

"இனிமே ஓட்டவே மாட்டேம்ப்பா" என்று மகள் சாவியை உருவி என்னிடம் நீட்டினாள். விசில்காரர் கார் ஜன்னலில் குனிந்தார்.

"பாப்பா, உன் மேல தப்பே இல்ல. அவர அனுப்பணும்ல, அதான் அப்பா தலைல கட்டினேன். நீ எடும்மா."

எடுத்தாள். இப்போது தினமும் ஓட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பவன் நான்தான். என்னிடமும் அந்த விசில்காரர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.