மாத்திமாட்டி

எங்கள் அவசரப் பிரிவில் இசிஜி எடுப்பவளுக்கு ‘மாத்திமாட்டி’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வலது கை ஒயரை இடது கையில் மாட்டிவிட்டாள். ஒரே ஒரு தடவை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினான்கு வருஷமாக ஒயர் மாறவே இல்லை, பெயரும் மாறவில்லை. லிஃப்ட்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நானும் கூப்பிட்டேன், நர்ஸ் நாக்கு மட்டும் சுத்தமா என்ன?

அவளுக்கு இசிஜி படிக்கத் தெரியும். ஆனால் எடுப்பது அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை. வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அந்த வேலையும்.

அன்று மத்தியானம் ஒரு லாரி டிரைவர் மார்பைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாளில் முதல் கோடு தலைகீழாக விழுந்தது. கை ஒயர் மாறினால் அப்படி விழும். இதயத்தின் இடப்பக்கம் செத்துக்கொண்டிருந்தாலும் விழும்.

அந்தக் கையெழுத்துப் போடுகிற டாக்டர்தான் அன்று டியூட்டி. தாளைத் தூக்கிப் போட்டார். “ஆரம்பிச்சிட்டியா? ஒயர ஒழுங்கா மாட்டி திரும்ப எடு.”

எடுத்தாள். அதே கோடு.

“சார், ஒயர் மாறியிருந்தா ஏவிஆர் கோடு மேல எழும்பியிருக்கும். இதுல கீழதான் இருக்கு. இது அட்டாக் சார்.”

“அப்ப நீ என் சீட்ல உக்காரு, நான் ஒயர் மாட்டறேன்.”

எல்லோரும் சிரித்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும்தான். டிரைவர்கூட பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவால்லம்மா, நிதானமா எடு” என்றார்.

மூன்றாவது தாள் பாதி வரும்போதே அவருக்குக் கண் சொருகியது. நாற்பது நிமிஷம் நெஞ்சை அமுக்கினோம், ஷாக் வைத்தோம். போய்விட்டார்.

டாக்டர் வெளியே போய் மனைவியிடம், “இசிஜி சரியா வரலம்மா. மூணு தடவ எடுக்க வேண்டியதாப் போச்சு, அதுலயே டைம் போயிடுச்சு” என்றார்.

அந்த அம்மா நேராக உள்ளே வந்தாள். மாத்திமாட்டியின் கையில் மூன்று தாள்களும் இருந்தன.

“உனக்குத் தெரியலன்னா வேற யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதாம்மா?”

டாக்டர் கதவருகே நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கட்டில் விரிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“தப்புதாம்மா” என்றாள்.

அந்த அம்மா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால், தடுக்கவாவது போயிருப்பேன்.