வரிசையில் ஒருத்தி இல்லை

பயம் அவளோடு கூடவே பிறந்தது. லிஃப்டில் ஏறப் பயம், தெருநாயைக் கண்டால் பயம், நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் பயம். பள்ளியில் பூகோளம் எடுத்தாள். உலகத்து எரிமலைகளையெல்லாம் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் குறித்துவிடுவாள். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளைகள் படிக்கட்டில் ஓடினால் “மெதுவா, மெதுவா” என்று பதறிக்கொண்டே பின்னால் போவாள். அதனால் ‘மெதுவா மிஸ்’ என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்தும் விட்டது. வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். திருடன் வந்தால் அவனுக்கு வேலையே இருக்காது, இவள் இழுத்த இழுப்பில் பூட்டு தானாகவே கழன்று விழுந்திருக்கும் என்பார் கணவர். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், நிதானமான ஆள். ஒரே மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தாள்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். அவளுடைய அக்காவின் கணவர். அந்தப் பள்ளியின் துணை முதல்வர். வீட்டில் அத்தான், பள்ளி வாசலைத் தாண்டினால் சார். இரண்டு இடத்திலும் அவர் முன்னால் அவளுக்குக் குரல் உள்ளே போய்விடும். அவர் அடிக்கிறவரும் இல்லை, கத்துகிறவரும் இல்லை. பேசாமல் வந்து நிற்பார். அவ்வளவுதான், எதிரில் இருப்பவருக்குத் தான் செய்த தப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

அவர் வருவதற்கு முன் அந்தப் பள்ளி பெயர் கெட்டுக் கிடந்தது. பெஞ்சை உடைப்பது, கழிவறைச் சுவரில் கிறுக்குவது, மண்டை உடைகிற சண்டை. அதையெல்லாம் நிறுத்தியது அவர் கொண்டுவந்த நற்பண்புத் திட்டம் என்பதை யாரும் மறுக்க முடியாது. நேர்மைக்கு நீல பேட்ஜ், கருணைக்குப் பச்சை பேட்ஜ், பொறுமைக்கு மஞ்சள். தப்புச் செய்தால் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேட்ஜ் கழற்றப்படும். அதற்கும் அடங்காத பிள்ளைக்கு ‘யோசிக்கும் அறை’. அரங்கத்து மேடைக்குப் பின்னால், முன்பு திரைச்சீலைகளைப் போட்டு வைத்திருந்த இடம். உள்ளே ஒரு நாற்காலி. ஜன்னல் இல்லை. தாழ்ப்பாள் வெளியில். பிள்ளை ஒரு பீரியட் முழுக்க அங்கே உட்கார்ந்து தன் தவறைப் பற்றி யோசிக்க வேண்டும். உள்ளே சத்தம் போட்டால் இன்னொரு பீரியட். மற்ற பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். நடைபாதையில் இத்தனை பிள்ளைகள் போகிறார்கள், ஒரு சத்தம் இல்லையே என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

மெதுவா மிஸ்ஸுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். அமைதியான இடத்தில் அவளுக்குப் படபடப்புக் குறைவு. அந்த அறைப் பக்கம் அவள் போனதில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு நற்பண்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், அத்தான் அதை இவள் தலையில் கட்டினார். வேண்டாம் என்று சொல்லப் பயந்து சரி என்றாள். நேர்மை என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ஒப்பித்தது. ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, யாராவது உண்மையைச் சொல்லக் கஷ்டப்பட்ட சமயம் உண்டா என்று கேட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் மூடிய புத்தகத்தையே பார்த்தார்கள். கடைசியில் சுருள்முடிக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். ‘சுருட்டை’ என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள், தையல்காரியின் மகள்.

“உண்மையைச் சொன்னா பேட்ஜ் கிடைக்குமா, போகுமா மிஸ்?”

நல்ல வேளையாக மணி அடித்தது.

அது நடந்து சில வாரங்களில், ஒரு காலை வேளை, ஆசிரியர் அறையில் அவள் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகுகிற வாடை வந்தது. முதலில் தன் பிரமை என்றுதான் நினைத்தாள். இந்த மாதிரி வாடை அவளுக்கு அடிக்கடி வரும். பிறகு அபாய மணி அலறியது. அரங்கத்தை ஒட்டியிருந்த மின்பெட்டியில் தீ. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அன்று விடுப்பு, வரிசையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மைதானத்தில் பள்ளி முழுவதும் வரிசையாக நின்றது. ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு பிள்ளை பேசவில்லை. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, நேராகப் பார்த்து நின்றார்கள். அரங்கத்தின் ஓட்டு இடுக்குகளில் கறுப்பாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. அவள் ஐந்தாம் வகுப்பை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஒரு தலை குறைந்தது.

“சுருட்டை எங்க?”

விரல்கள் உதட்டிலேயே இருந்தன. அவள் முன்னால் நின்ற பையனின் எதிரில் மண்டியிட்டு, அவன் தோளைப் பிடித்து மறுபடி கேட்டாள். அவன் கண்கள் மட்டும் அரங்கத்தின் பக்கம் போய்த் திரும்பின. பக்கத்துப் பெண்ணின் கண்களும் போய்த் திரும்பின. பிறகு வரிசை முழுவதும். சட்டைகளில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பேட்ஜுகள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, வரிசையில் பேசினால் பேட்ஜ் போய்விடும் என்று நிற்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது.

ஓடிப்போய் அத்தானிடம் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. காலையில் அவர்தான் அந்தப் பெண்ணை யோசிக்கும் அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். மணி அடித்த பரபரப்பில் மறந்தே போய்விட்டார்.

“தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு. நீ போய் வரிசையைப் பாரு,” என்றார். “சத்தம் போடாத. பிள்ளைங்க பயந்துடுவாங்க.”

சொன்னாரே தவிர அவர் அசையவில்லை.

எப்படிப் போனோம் என்று அவளால் பின்னால் சொல்ல முடிந்ததில்லை. அரங்கத்துக்குள் விளக்கில்லை. புகை மேலே கூரையோடு ஒட்டி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி தூரம் போனாள். எங்கோ ஏதோ வெடித்தது. திரும்பி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். வாசலில் வெளிச்சம், காற்று, நிற்கிற பிள்ளைகள். அங்கே நின்று மூச்சு வாங்கியபோது இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே இருக்கிற புகையைவிட, இப்படியே வெளியே நின்று வாழ்நாள் முழுக்க இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவருமே என்ற பயம். திரும்ப உள்ளே போனாள். மேடைப்படியில் தடுக்கி முழங்கால் சிராய்ந்தது. தாழ்ப்பாள் இறுகிப்போய் நகரவில்லை. செருப்பைக் கழற்றி அதன் அடிப்பாகத்தால் தட்டித் தட்டித் தள்ளினாள்.

சுருட்டை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கையை மடக்கி, சட்டைக் கையில் முகம் புதைத்துச் சத்தம் வராமல் இருமிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கதவைத் தட்ட வேண்டியதுதானே?”

“சத்தம் போட்டா இன்னொரு பீரியட் மிஸ்.”

சுருட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது மட்டும் மிஸ்ஸுக்கு நினைவிருக்கிறது. தீ அதற்குமேல் பரவவில்லை. மின்பெட்டியும் கொஞ்சம் திரையும் எரிந்ததோடு சரி. பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து செய்தி போனது: பிள்ளைகள் அனைவரும் ஒழுங்காக வெளியேறினார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்று மாலையே அக்கா வந்தாள். வந்ததும் தங்கையின் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டாள். பிறகுதான் பேசினாள்.

“அவர் வேணும்னு பண்ணலடி. மறந்துட்டார். அதுக்காக இத்தனை வருஷம் அவர் பண்ணதெல்லாம் இல்லன்னு ஆயிடுமா? நீ வாயைத் திறந்தா எங்க குடும்பம் தெருவுக்கு வந்துடும்.”

மெதுவா மிஸ் தலையாட்டினாள். அக்கா சொல்லி அவள் தலையாட்டாத நாள் எது? அக்கா போன பிறகு துணி மடிக்க உட்கார்ந்தாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“நானும் அந்த ரூம்ல இருந்திருக்கேம்மா. ரெண்டு தடவை.”

“என்கிட்ட ஏண்டி சொல்லல?”

“நீ பயந்துடுவியேன்னுதான்.”

அவள் கையில் இருந்த சட்டை மடியில் விழுந்தது. நாய்க்கும் நெருப்புக்கும் படிக்கட்டுக்கும் தான் பயப்படுவது மகளைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். மகளோ அம்மாவின் பயத்திலிருந்து அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பெரியப்பா என்று கூப்பிடுகிற மனிதர் தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிட்டிருக்கிறாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேலை போனா பார்த்துக்கலாம். உங்க அக்காவை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல,” என்றார்.

அந்த வாரக் கடைசியில் நூலகத்தில் பெற்றோர் கூட்டம். நிர்வாகக் குழுத் தலைவி எழுந்து, நெருக்கடி நேரத்தில் பிள்ளைகள் காட்டிய ஒழுக்கத்தைப் பாராட்டினார். அதை வளர்த்தவர் என்று துணை முதல்வருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மெதுவா மிஸ் கடைசி வரிசையில் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள், அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அப்போதுதான் பார்த்தாள்: கை தட்டியவர்களில் தையல்காரியும் இருந்தாள். அப்படியானால் சுருட்டை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எழுந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகு உட்கார முடியவில்லை. காது அடைத்தது, தன் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவது மாதிரி கேட்டது. அந்தப் பெண் எங்கே இருந்தாள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்பதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னாள்.

“புகை உள்ள வந்தும் அவ கதவைத் தட்டல. தட்டக்கூடாதுன்னு நாம சொல்லிக் கொடுத்திருக்கோம். அவ எங்க இருக்கான்னு வகுப்புக்கே தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதைத்தான் இப்ப ஒழுக்கம்னு கை தட்டினோம்.”

தையல்காரி, தட்டிய தன் கைகளையே பார்த்தாள். அத்தான் மறுப்பார், அதோடு எல்லாம் முடிந்தது என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அவர் எழுந்தார்.

“அவ சொல்றது உண்மைதான்,” என்றார். உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பருவம் முடிந்ததும் அவர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனார். அக்கா சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். போனை எடுப்பதில்லை. யோசிக்கும் அறையின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டு, உள்ளே பழையபடி சாமான்களைப் போட்டார்கள். திட்டத்தை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது ஒருவரும் முன்வரவில்லை. எழுந்து பேசினாயே, நீயே செய் என்பது போல எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் அவளே ஏற்றுக்கொண்டாள்.

பேட்ஜுகளை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு காரியம் செய்தாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒவ்வொரு வகுப்பும் வட்டமாக உட்கார வேண்டும். அந்த வாரம் மனதைக் கஷ்டப்படுத்தியது எதுவானாலும் சொல்லலாம், அது டீச்சர் செய்ததாக இருந்தாலும் சரி. சொன்னதற்காகத் தண்டனை கிடையாது. பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. வட்டத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் கிள்ளினார்கள். நடைபாதையில் இரைச்சல் திரும்பி வந்தது. ஏழாம் வகுப்பில் சண்டை மூண்டு ஒருவனுக்குப் பல் உடைந்தது. பள்ளி கெட்டுப் போய்விட்டது என்று சில பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஒருவேளை அத்தான் செய்ததுதான் சரியோ என்று அவளுக்கே தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தில் பேச்சு வந்தது. கேலிப் பெயர்கள், திருட்டுப் போன பேனா, யாருமே பக்கத்தில் உட்காராத ஒரு பெண். சுருட்டை மட்டும் வெகு நாள் பேசவில்லை. அவள் பேசவில்லையே என்று யாரும் அவளை நெருக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்கா போனில் பேசத் தொடங்கினாள். தலைவலி, மழை, துணி விலை எல்லாம் பேசுவாள். பள்ளியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஒரு நாள் இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பெண்கள் இருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்திருந்தாள்.

“மிஸ், நேத்து எல்லார் முன்னாடியும் எங்க கிளாஸ் பையனைத் திட்டினீங்களே. மேப்பைக் கிழிச்சது அவன் இல்ல.”

மற்ற ஆசிரியர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவா மிஸ்ஸுக்கு முகம் சுட்டது.

“அப்ப யார் கிழிச்சது?”

“நான்தான் மிஸ்,” என்றாள் மற்றவள். தோழியின் கையை அவள் விடவில்லை.

மெதுவா மிஸ் அவளைத் திட்டவில்லை. அவர்களோடேயே ஆறாம் வகுப்புக்கு நடந்தாள். வகுப்பு வாசலில் ஒரு கணம் நின்றாள். உள்ளே போய், எல்லார் முன்னாலும், தான் விசாரிக்காமல் திட்டியது தப்பு என்று அந்தப் பையனிடம் சொன்னாள். அவன் காதைச் சொறிந்துகொண்டான். பரவாயில்லை மிஸ் என்றான். பிறகு, இதுதான் சமயம் என்று தோன்றியதோ என்னவோ, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டான்.