இடப்பக்கச் சாய்வு

காரின் முன்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் கரீம் பாட்சா. வண்டி எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுகிறது. "இன்னும் ஆடுதுல்லா? ஷாக் அப்சார்பர் செத்துட்டு."

தாராவியில் அவர் பட்டறை தகரக் கொட்டகைதான். தரை மட்டும் ரசமட்டம் வைத்து, சாய்வு பார்த்துப் போட்டது. ஓட்டிப் பார்க்கப் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். ரோடு காலில் தெரிய வேண்டுமாம். ஸ்போர்ட்ஸ் காருக்குக் கெட்டி ஸ்பிரிங் கேட்டு வருகிறவர்களிடம், "வளைவுல வண்டி நல்லா பிடிக்கும், டீக் ஹை, அது சரி. சயான் ரோட்டுப் பள்ளத்துல உங்க முதுகெலும்ப யாரு பிடிப்பா?" என்பார்.

ஒரு மதியம் என் வண்டிக்காக அங்கே காத்திருந்தேன். திலக் நகரிலிருந்து மாரீஸ்வரி என்ற பெண் வந்தார். இறந்துபோன தம்பி தமிழ்செல்வனின் கார், இரண்டே இருக்கை. கெட்டி ஸ்பிரிங் போட்டது தம்பிதான்.

"பாய், இத மெத்துனு ஆக்கிக் குடுங்க."

கரீம் பாட்சா ஸ்பிரிங்குகளை மாற்றினார். ஆளில்லாத வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. இடப்பக்க ஸ்பிரிங்கையும் வலப்பக்க ஸ்பிரிங்கையும் இடம் மாற்றிப் போட்டார். அப்போதும் இடப்பக்கமே. அடிச்சட்டத்தை அளந்தார்; கோணல் இல்லை. டயரில் காற்றும் சரி. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். வண்டி மட்டமானது.

நான் இறங்கிய வேகத்தில் முழங்கால் கதவில் இடித்தது. வண்டி மறுபடி சாய்ந்தது.

"அந்தப் பக்கம் யாரும்மா உக்காருவா?" என்று கேட்டார்.

மாரீஸ்வரி காரைப் பார்த்தபடியே சொன்னார்: "நெஞ்சு வலிக்குன்னான். நான்தான் இதுல ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'குலுக்காம போக்கா'ன்னான். செம்பூர் சிக்னல் வரைக்கும் சொன்னான். அதுக்கப்புறம் சொல்லல."

கரீம் பாட்சா குனிந்து, இடப்பக்க ஷாக் அப்சார்பரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். "கூட வாங்கம்மா, ஒரு சக்கர் சுத்திட்டு வருவோம்."

"நீங்க போயிட்டு வாங்க பாய். அங்க இடமில்ல."

தனியாகத்தான் ஓட்டிப் போனார்; பட்டறை வாசலில் நின்று பார்த்தோம். பள்ளம் வரும்போதெல்லாம் ஏறக்குறைய நிறுத்தி, சக்கரத்தை மெல்ல இறக்கினார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்து எஞ்சினை அணைத்தார். இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். இறங்குகிறவருக்குத் தலை இடித்துவிடாதபடி கூரையின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.