சோற்றுக்கு ஒரு பஞ்சாங்கம்

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மருந்துக் கடைக்கும் போட்டோக் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. அதை நடத்தும் இராமலெட்சுமிக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வட்டாரத்தில் அவளுடைய அளவு நாடா சுற்றி வராத இடுப்பு குறைவு. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொருவர் அளவையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வருகிறாள். முப்பத்தொரு கொப்பிகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் இல்லாத அளவு ஒன்றே ஒன்று, அவளுடையது.

பதினெட்டு வயதில் பொகவந்தலாவையிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தவள். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் தந்தார்கள். அதில் பதின்மூன்று வரிசையில் நிற்பதற்கே போய்விடும். மிச்ச ஏழு நிமிடத்தில் ஒரு தட்டுச் சோற்றை முடிக்கும் வித்தையை அந்தத் தொழிற்சாலை மணிதான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தது. மணி போய்ப் பல காலமாயிற்று, வித்தை போகவில்லை.

கிளினிக்கில் இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். நாலு மாதத்தில் ஆறு கிலோவாவது இறக்கிச் சீனியையும் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை. இளம் டொக்டர் தலையை நிமிர்த்தாமலே, சோற்றைக் குறையுங்கள் என்றார். எவ்வளவு சோறு, எத்தனை மணிக்கு, பத்து மணித்தியாலம் எந்த நாற்காலியில் என்று ஒரு கேள்வி இல்லை. தன் உடம்பைத் தானே திருடி வைத்திருப்பது போல விசாரிக்கப்பட்ட ஆத்திரத்தோடு அவள் பஸ் ஏறினாள்.

வழி சொன்னவள் ரொஷேல். கொட்டாஞ்சேனைக்காரி, வெள்ளவத்தையில் வங்கி உத்தியோகம், பன்னிரண்டு வருட வாடிக்கை. அவளும் இளைத்துக்கொண்டிருந்தாள், நாலரை மாதத்தில் தம்பிக்குக் கல்யாணம். கார்ப் சைக்கிளிங் என்றாள். இரண்டு நாள் மாச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும், மூன்றாம் நாள் தாராளமாகச் சாப்பிடலாம், பிறகு மறுபடி இரண்டு நாள். போனில் பட்டியலும் இருந்தது. இராமலெட்சுமி அதைத் துணி வெட்டும் கவனத்தோடு கடைக் கலண்டரிலும் வீட்டுக் கலண்டரிலும் குறித்தாள்: குறைஞ்ச நாளுக்கு நீல வட்டம், கூடின நாளுக்குச் சிவப்பு.

ஜிந்துப்பிட்டி வீட்டில் அவள் புருஷன் அழகர் கலண்டரைப் பார்த்துவிட்டு, "சைக்கிளிங்கா? இந்த ஒழுங்கையில எங்க வச்சு ஓட்டப் போற?" என்று கேட்டான்.

முதல் இரண்டு வாரம் நிறை அசையவில்லை. நீல நாளில் சோற்றுப் பருக்கை ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று அவள் ரொஷேலிடம் முறையிட்டாள். அப்படியானால் என்ன சாப்பிட்டீர்கள் என்று ரொஷேல் கேட்டாள். காலையில் இடியப்பம், மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, இரவுக்குப் பேக்கரிப் பாணும் சம்பலும்.

ரொஷேல் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, பாணும் மாச்சத்துதான்."

"ரொட்டி?"

"அதுவும்தான்."

"மரவள்ளி மண்ணுக்குள்ள விளையிறது மிஸ்."

"எங்க விளைஞ்சாலும் அதுதான்."

சோறு தின்னாவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை என்று நினைக்கும் ஊரில் அந்தத் தவறு அவள் ஒருத்தியுடையதாக இருக்க முடியாது. மறுநாளிலிருந்து நீல நாளென்றால் முட்டையும் மீனும் கீரையும் மட்டுமே. மூன்றே வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. அழகரைக் கூட்டிக்கொண்டு போய் மருந்துக் கடைத் தராசில் ஏறிக் காட்டினாள்.

ஆனால் நீல நாளில் பின்னேரம் நாலு மணிக்குக் கண் கலங்கும், கத்தரிக்கோல் கனக்கும். அப்படியொரு நாளில் ஒரு டீச்சரின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கைகளையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாத பிழை. சிவப்பு நாளிலோ, விட்ட இரண்டு நாளையும் சேர்த்துச் சாப்பிட்டாள், அதையும் ஏழு நிமிடத்தில். இறங்கிய மூன்றில் இரண்டு கிலோ திரும்பி ஏறியது.

அந்த நேரத்தில்தான் ரொஷேல் பட்டோடு வந்தாள். மயில் நிறம், ஒரே ஒரு ஜாக்கெட்டுக்குப் போதுமான துண்டு. வெட்டுப் பிழையானால் வேறு துணி கிடையாது. மார்பளவு முப்பத்துநாலுக்கு வெட்டச் சொன்னாள். இராமலெட்சுமி அன்றைக்கு ஓர் அளவு எடுத்தாள். இரண்டு நாள் கழித்து, ரொஷேலின் தாராள நாளில், வரச் சொல்லி இன்னொன்று எடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை முப்பத்தஞ்சு மிஸ். இன்னைக்கு முப்பத்தாறே கால். நான் எந்த ரொஷேலுக்கு வெட்டுறது?"

"முப்பத்துநாலுக்கு வெட்டுங்க. அவ இன்னும் வரேல்ல, ஆனா வருவா."

"வராட்டி?"

ரொஷேல் அளவு நாடாவைச் சுருட்டி அவிழ்த்தாள். போன வருடம் ஒரு கல்யாணப் படத்தில், மணப்பெண்ணின் சிநேகிதியாக நின்ற தன்னை மாமி ஒருத்தி பெண்ணின் தாய் என்று சொல்லிச் சிரித்ததைச் சொன்னாள். படம் இன்னும் குடும்பக் குழுவில் சுற்றுகிறதாம். அந்த மாமிக்கு வயிறு இல்லையா என்று இராமலெட்சுமி கேட்கவில்லை. வயிறு கட்டாயம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த போயா தினம், பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. அழகரையும் கூட்டிக்கொண்டு போய் முப்பத்தொரு கொப்பிகளையும் இறக்கினாள். யாராவது டயட் என்று சொன்னால் அளவுக்குப் பக்கத்தில் குறித்து வைப்பது அவள் வழக்கம். சூப் டயட், அன்னாசி டயட், கீட்டோ, இப்போது சைக்கிளிங். அழகர் வாசிக்க வாசிக்க அவள் கோடு போட்டாள். நாற்பத்துமூன்று பேர். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் தையல் பிரித்துப் பெருப்பிக்க வந்திருந்தார்கள்.

"பாத்தியா," என்றான் அழகர், வழக்கு முடிந்த குரலில்.

முடியவில்லை என்றாள் அவள். பிரிக்க வந்தவர்களை மட்டும் எண்ணுவது நியாயமா? இளைத்தவர்கள் ஜாக்கெட்டைப் பிடித்துச் சிறுப்பிக்க வந்திருப்பார்களே, அவர்களையும் தேட வேண்டும். தேடினார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்களைப் பற்றிக் கொப்பிக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததை அவளும் சொல்லப் போவதில்லை. இளைத்து அப்படியே நின்றவள் ஒருத்திதான், நீச்சல் பழக்குகிறவள். அவளும் சைக்கிளிங்தான். ஆனால் அவள் நேரம் அவள் கையில். பழக்குகிற நாளில் அதிகம், ஓய்வு நாளில் குறைவு என்று சாப்பாடு வேலையோடு ஒத்துப் போனது. சைக்கிளிங்கைப் பொய் என்று தள்ள முடியாது. இன்னொருவர் தோளுக்குத் தைத்த சட்டை, அவ்வளவுதான்.

டயட் குறிப்பே இல்லாத ஒரு பக்கம் அவளை நிறுத்தியது. தெமட்டகொடை ஜெயராணி டீச்சர். மூன்று வருடத்தில், ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறைந்திருந்தாள். இராமலெட்சுமி உடனே அவளுக்குப் போன் எடுத்தாள். அப்படியொன்றும் விசேஷமில்லை என்றாள் ஜெயராணி. எல்லா நாளும் சோறு உண்டு, அரைத் தட்டு. மிச்சம் மரக்கறியும் மீனும். பஸ்ஸில் ஒரு தரிப்பு முன்னாலே இறங்கி நடக்கிறாள்.

"இதை நான் எழுதவே இல்லியே டீச்சர்."

"அதுக்குப் பேர் இல்லையே, அதுதான் நீங்க எழுதேல்ல."

நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பதை இருபது வயதிலேயே விட்டவள் இராமலெட்சுமி. தன் கல்யாணத்தையே ராகுகாலத்தில் பதிந்தவள். கடைக் கலண்டரில் நீலமும் சிவப்புமாகக் கிடந்த வட்டங்களை நிமிர்ந்து பார்த்தாள். வாசலால் விரட்டின பஞ்சாங்கம் குசினியால் உள்ளே வந்து சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் ரொஷேலின் ஜாக்கெட்டுக்குக் கொக்கிக் கணக்கை எழுதினாள்.

பிறகு பட்டை விரித்தாள். முப்பத்தாறரைக்கு வெட்டினாள். வெளிப் பார்வைக்கு ரொஷேல் கேட்டபடி முப்பத்துநாலுதான். இரண்டு பக்கத் தையலுக்குள்ளும் மிச்சத் துணியை மடித்து, இழுத்தால் வந்துவிடும்படி மஞ்சள் நூலால் நீளத் தையல் போட்டாள். ரொஷேலுக்கு அது தெரியாது.

அடுத்த கிழமை அழகர் நாலு சீமெந்துக் கல் கொண்டுவந்து வெட்டு மேசைக் கால்களுக்குக் கீழே வைத்தான். இனி வெட்டுவதெல்லாம் நின்றுகொண்டு. மதியம் கடைக் கதவைப் பாதி சாத்தி, அரைத் தட்டுச் சோறு, மெதுவாக. மெதுவாகத் தின்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கைக்கு முப்பது வருட அவசரம்.

நாலாம் மாதக் கிளினிக்கில், கேட்ட ஆறு இல்லாவிட்டாலும் நாலு கிலோ குறைந்திருந்தது. சீனி கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இந்த முறை டொக்டர் நிமிர்ந்து, என்ன டயட் என்று கேட்டார். அதற்குப் பேர் இல்லை என்று சொல்லி, மேசை உயர்ந்த கதையையும் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

ரொஷேலின் தம்பி கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ஜிந்துப்பிட்டியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடக்கிற தூரம்தான். சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அறைக்குள் ரொஷேல், கொழுவ மறுக்கும் மூன்று கொக்கிகளோடு. முந்தின இரவு கட்லட்டும் கேக்குமாக வீடே சிவப்பு நாளாக இருந்ததாம்.

"கையைத் தூக்குங்க மிஸ்."

மஞ்சள் நூல் சர்ரென்று வந்தது, ஒரு பக்கம், மறுபக்கம். கொக்கிகள் கொழுவின. ரொஷேல் நன்றாக ஒரு மூச்சு எடுத்தாள்.

"எப்ப வச்சனீங்க இதை?"

"வெட்டுறப்பவே."

"அப்ப என்னை நம்பேல்லயா?"

"உங்கள நம்புனேன். பட்டியலத்தான் நம்பல."

நூல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரொஷேல் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். படம் எடுக்கும்போது அவள் வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. அந்த மாமி தூரத்தில் நின்று, ஜாக்கெட் எங்கே தைத்தது என்று விசாரித்தாள்.

மண்டபத்தில் புரியாணி. இராமலெட்சுமி அரைத் தட்டு எடுத்தாள், சம்பலும் கத்தரிக்காயும் தாராளமாக. அழகர் முடித்துக் கை கழுவி வந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். பிறகு ஐஸ்கிறீமும் முடித்தான்.

"இன்னும் முடியலியா லெட்சுமி?"

"முடியல," என்றாள் அவள், ஒரு முந்திரிப்பருப்பைத் தேடி எடுத்தபடி. "மணி அடிக்க இங்க யாரும் இல்ல."