செவ்வந்தி சொன்ன 'பரவாயில்லீங்க'

செவ்வந்திக்கு யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் பேச வராது. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, யாகூப் பாயின் மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் அவள் பிரவுசிங் சென்டர் திறந்தபோது, போர்டு எழுதியவர் 'சென்டர்' என்பதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். மாட்டிவிட்டுக் கீழே இறங்கி, எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். "பரவாயில்லீங்க" என்றாள். போர்டு புள்ளி இல்லாமலேயே தொங்கியது.

இது அவளுக்கு அப்பன் வழியில் வந்தது. மாரப்பன் சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கூலிக்கு உழைத்தவர். "சோறு போதுமா மாரப்பா?" என்று தோட்டத்துக்காரர் கேட்டால், பாதி வயிறு காலியாக இருக்கும்போதும் "பரவாயில்லீங்க" என்பார். போதாது என்று சொல்ல அவருக்கு யார் இடம் கொடுத்தார்கள்? மகள் டைப்ரைட்டிங் படித்தாள், கம்ப்யூட்டர் படித்தாள், மில் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுச் சொந்தக் கடை போட்டாள். அப்பனின் அந்த ஒரு சொல்லை மட்டும் உதறவில்லை. ஊரில் அதை மரியாதை என்பார்கள். அதில் பாதிதான் மரியாதை, மீதி பயம்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இன்டர்நெட் என்றால் போனில் டயல் செய்து, மோடம் கத்தி ஓயும்வரை காத்திருக்க வேண்டிய காலம். அப்போதுதான் அவிநாசி சாலையில் புதிதாக ஒரு கம்பெனி வந்தது. டயலே வேண்டாம், கேபிள் டிவி மாதிரி ஒயர் இழுத்துக் கொடுப்போம், எந்நேரமும் லைன் இருக்கும் என்றார்கள். மெயின் ரோட்டில் மற்ற சென்டர்கள் தயங்கி நிற்க, செவ்வந்திதான் முதலில் துணிந்தாள். ஐயாசாமி என்ற லைன்மேன் மொட்டை மாடிகளில் ஏணி சாத்தி ஒயர் இழுத்துக் கொடுத்தான். பெருந்துறைக்காரன், கலகலப்பானவன். இரண்டு மாதம் கடை ஜேஜே என்று நடந்தது.

அப்புறம் சனி பிடித்தது. காலையில் பறக்கிற லைன், கல்லூரி விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் படுத்துவிடும். மோடத்தின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரியும். திரையில் பாதிப் பக்கம் வந்து நின்றுவிடும். செவ்வந்தி கம்பெனிக்குப் போன் செய்து புகார் சொன்னாள். சில நாள் கழித்து சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், உங்க லைன் இப்ப எப்படி இருக்கு?"

இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் முகம் தெரியாத பெண், அவ்வளவு தன்மையாகக் கேட்கிறாள். "பரவாயில்லீங்க... சாயங்காலந்தான் கொஞ்சம்..." என்று இழுப்பதற்குள், "தேங்க்ஸ் மேடம்" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவள் மறுபடி புகார் செய்தாள். அவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இவளும் மறுபடி அதையேதான் சொன்னாள்.

பல்கலைக்கழகத் தேர்வு முடிவு இன்டர்நெட்டில் வருகிறது என்ற அன்று மாடிப்படி வரைக்கும் கூட்டம். சொல்லிவைத்தாற்போல் லைன் படுத்தது. "வருமுங்க, இப்ப வந்துருமுங்க" என்று செவ்வந்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வரவில்லை. ஒருவன் நாற்காலியை எட்டி உதைத்தான். "லைன் இல்லாத கடைக்கு எதுக்குடா போர்டு!" என்று இன்னொருவன் கத்தினான். கூட்டம் மொத்தமும் அவளைத் திட்டிக்கொண்டே படி இறங்கிப் போனது. அவளுக்கு அவமானத்தில் காது அடைத்துவிட்டது.

சத்தம் கேட்டு யாகூப் பாய் மேலே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அவளுக்கு அதிகமாக வலித்தது.

"அம்மணி, கீழ மெத்தை வாங்க வந்தவங்க எல்லாம் பயந்துட்டு ஓடுறாங்க. கேசட் கடைக்காரர் ஒருத்தர் இந்த ரூமைக் கேட்டுட்டே இருக்காரு. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன். அதுக்குள்ள இந்த லைனை நீ ஒழுங்கு பண்ணோணும். இல்லீன்னா ரூமை அவருக்குக் குடுத்துபோடுவேன், என்னைத் தப்பா நெனைக்காத."

"சரிங்க பாய்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? ரூம் போனால் கடை போயிற்று. கடை போனால் மறுபடி மில் ஆபீஸில் போய் யாருக்கோ கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

மறுநாளே அவிநாசி சாலைக்குப் பஸ் ஏறினாள். கம்பெனியின் மேனேஜர் கோவிந்தராஜுலு சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"உங்க புகார் எல்லாமே முடிஞ்சு போச்சே மேடம்."

"ஆருங்க முடிச்சது?"

"நீங்கதான். எங்க பொண்ணு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கா. 'பரவாயில்லை'ன்னு சொல்லியிருக்கீங்க. பரவாயில்லைன்னா நல்லாயிருக்குன்னுதானே அர்த்தம்?"

செவ்வந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஐயோ, அது அப்படி இல்லீங்க. எங்க ஊர்ல விருந்துக்குப் போன ஊட்டுல கொழம்பு உப்புக் கரிச்சாலும் பரவாயில்லீங்கன்னுதான் சொல்லுவோம். நல்லாயிருந்தா நல்லாயிருக்குதுன்னே சொல்லிப்போடுவோமுங்க."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து முடித்த மனிதர் கறாராகிவிட்டார். "சரி, நாளைக்குச் சாயங்காலம் ஐயாசாமியை உங்க கடைக்கு அனுப்பறேன். அவன் பக்கத்தில இருக்கும்போதே சென்னையிலிருந்து கூப்பிடுவாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் முடிவு. மோசம்னா உங்களுக்குத் தனி ஒயர். பரவாயில்லைன்னா இனிமே இந்தப் புகாரை எடுத்துட்டு வராதீங்க."

மறுநாள் சாயங்காலம் ஐயாசாமி வந்தான். முகத்தில் பழைய கலகலப்பு இல்லை. லைன் வழக்கம்போலப் படுத்திருந்தது. அவன் மோடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடையில் இருந்த ஒன்றிரண்டு பேருக்குக் கேட்காதபடி அவளருகில் வந்தான்.

"ஏனுங்க அக்கா, உங்க லைன் எப்படிங்க ஓடும்? உங்க ஒயரையே பிரிச்சு வழியில இன்னும் ரெண்டு சென்டருக்குக் குடுத்திருக்குது. ஆபீஸ்ல பிரிக்கச் சொன்னாங்க, பிரிச்சுட்டேன். இப்ப நீங்க மோசம்னு சொன்னீங்கன்னா ஒயரைப் பாத்தவன் நாந்தான்னு என் தலையில கட்டிருவாங்க. ஊட்டுல சம்சாரம் மாசமா இருக்குதுங்க. இன்னைக்கு ஒருக்கா மட்டும் பரவாயில்லீன்னு சொல்லிப்போடுங்க. ஞாயித்துக்கிழமை ஆருக்கும் தெரியாம வந்து சரிபண்ணிக் குடுத்தர்றேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. செவ்வந்திக்குக் கம்பெனியின் மேல் வந்த கோபம் ஒரு பக்கம், இவன்மேல் வந்த இரக்கம் ஒரு பக்கம். கீழே மெத்தைக் கடையில் பாயின் குரல் கேட்டது. மாசக் கடைசிக்கு இன்னும் அதிக நாள் இல்லை. அந்த நேரம் பார்த்து போன் மணி அடித்தது.

"மேடம், உங்க லைன் இப்ப எப்படி இருக்கு?"

நாக்கு நுனியில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. அவள் அதை மென்று விழுங்கினாள். ஐயாசாமி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இல்லை" என்றாள். "சுத்தமா ஓடறதில்லை. மோசம். மோசம்னே எழுதிக்குங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறந்த குணம் விடவில்லை. அவ்வளவு கடுமையாகப் பேசிவிட்ட பிறகு யாருக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் அவளால் போனை வைக்க முடியவில்லை. "ஆனா ஐயாசாமி மேல தப்பு இல்லீங்க. ரொம்ப நல்ல மனுசன். ஒயரைப் பிரிச்சு ரெண்டு பேருக்குக் குடுத்திருக்குதுன்னு உள்ளதை உள்ளபடி அவருதான் எங்கிட்டச் சொன்னாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஐயாசாமியின் முகம் செத்துப் போயிருந்தது. "என்னங்க அக்கா இப்படிச் சொல்லிப்போட்டீங்க" என்று மட்டும் சொன்னான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனையே காட்டிக்கொடுத்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே தனி ஒயர் வந்தது. இழுக்க வந்தவன் வேறு ஆள். ஐயாசாமி எங்கே என்று கேட்டதற்கு, "கம்பெனி விசயத்த வெளிய சொல்லிட்டான்னு நிறுத்திட்டாங்க" என்றான். லைன் சாயங்காலத்திலும் தண்ணீராய் ஓடியது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். யாகூப் பாய் மேலே வந்து, எல்லா மெஷினும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு அம்மணி. கேசட் கடைக்காரருக்கு ரூம் இல்லீன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அவள் கும்பிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய மனசு அதில் ஒட்டவே இல்லை.

இரண்டு நாள் கழித்து கோவிந்தராஜுலுவே கூப்பிட்டார். "என்ன மேடம், லைன் எப்படி?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்பாடா! அப்ப உங்க புகாரை முடிச்சிடலாமா?"

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஐயாசாமியின் வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ என்று அவளுக்கு ஓடியது. மேனேஜரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கே லைன் மறுபடி படுக்கலாம், பாய் மறுபடி படியேறி வரலாம் என்பதும் ஓடியது. எழுந்து நின்றுகொண்டாள்.

"முடிக்காதீங்க."

"ஏன், இன்னும் என்ன குறை?"

"பிரிக்கச் சொன்னது நீங்க, பிரிச்சவன் வேலை போச்சு. அதுதான் குறை. என் பேர்லயே எழுதிக்குங்க. நாளைக்குக் காலைல அங்கதான் வாரேன். ஐயாசாமியைக் கூப்புட்டு வேலை குடுக்கற வரைக்கும் தெனமும் வருவேன்."

"சரி, வாங்க" என்றார் மேனேஜர்.