ஐந்து நிமிஷக் கோட்டையும் என் வயிற்றெரிச்சலும்

சுற்றுலா வழிகாட்டி வேலையில் வெயிலைத் தாங்கலாம், ஃபெர்ரியில் வாந்தி எடுப்பவர்களைத் தாங்கலாம். பக்கத்துக் கும்பல் கைதட்டுவதை மட்டும் தாங்கவே முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இவ்வளவுதானா?

மலேசியாவின் ஈப்போவிலிருந்து லுமுட் துறைமுகம், அங்கிருந்து ஃபெர்ரியில் பங்கோர் தீவு. தீவில் டச்சுக் கோட்டை. கோட்டை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். கூரையில்லாத செங்கல் சுவர்கள்; சுற்றி வர ஐந்து நிமிஷம். பேராக் மாநில ஈயத்தை வாங்கிச் சேர்த்து வைக்க டச்சுக்காரர்கள் கட்டியது. உள்ளூர் மலாய்க்காரர்களிடம் அடிபட்டு ஓடினார்கள், பிறகு திரும்பி வந்தார்கள், மறுபடியும் விட்டுவிட்டுப் போனார்கள். ஆண்டு, ஒப்பந்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தாப்பா ஊர் ராமையா அண்ணே, மூடிப்போன தங்கள் ரப்பர் எஸ்டேட்டுக் குடும்பங்களைத் திரட்டி வருஷா வருஷம் இங்கே அழைத்து வருவார். ஒன்பது வருஷம் அந்தப் பயணம் எனக்குத்தான் கிடைத்தது. முதல் தடவை தொண்டை வறள அரை மணி நேரம் பேசி முடித்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க எஸ்டேட்டு பால் ஸ்டோரே இதவிடப் பெருசு லா. கக்கூஸு எந்தப் பக்கம்?"

கைதட்டல்

பிறகு காம்பாரிலிருந்து இன்னொரு வழிகாட்டியாகக் கலா வந்தாள். முன்பு பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு தேதிகூட ஒழுங்காகத் தெரியாது. ஆனால் சுவர் ஓரமாக நின்றுகொண்டு ஆரம்பிப்பாள்: "டச்சுக்காரன்தான் துரை. ஈயம்தான் நம்ம ரப்பர் பால். வேற யாருக்கும் விக்கக் கூடாது, இங்கதான் கொண்டாந்து நிறுக்கணும். கிராணி நிறுவையில கொறச்சா நம்ம ஆளுங்க என்னா செஞ்சாங்க?" அவள் அழைத்து வந்த எஸ்டேட்டுக் கும்பல் மொத்தமும் "மொத்துனாங்க!" என்று கத்தும். "இங்கயும் அதேதான் லா!" என்பாள். எஸ்டேட்டில் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் ஆபீஸ்காரரான கிராணியை யாருக்குத்தான் பிடிக்கும்! கைதட்டல் கடல்வரை கேட்கும்.

முன்னூறு வருஷத்து வரலாற்றை மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் குரலை உயர்த்தி ஒப்பந்தத்தை விளக்கினேன். என் கும்பலிலேயே நின்ற ராமையா அண்ணே திரும்பினார்: "கொஞ்சம் மெதுவா பேசுங்க தம்பி, அந்தப் பொண்ணு சொல்றது கேக்க மாட்டேங்குது."

வீட்டிலும்

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். கலா சொன்னதை அப்படியே மனைவியிடம் சொல்லி, "இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று பொருமினேன். பதினெட்டு வருஷமாக அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அடப்பாவமே, அப்புறம் அந்தத் துரை தப்பிச்சானா? மிச்சத்தையும் சொல்லுங்க!"

இரண்டாவது பஸ்

அடுத்த வருஷம் ராமையா அண்ணே இரண்டு பஸ்ஸோடு வந்தார். முதல் பஸ் கலாவுக்கு, இரண்டாவது எனக்கு. பாதி போச்சே என்று வயிறு எரிந்தாலும், மீதியை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கலாவின் கதையை ஒரு வார்த்தை விடாமல் திருடிக்கொண்டு போயிருந்தேன்.

துரை, பால், நிறுவை எல்லாம் அவளைவிட நன்றாகவே வந்தது. கடைசியில் கையை ஓங்கிக்கொண்டு, "கிராணி நிறுவையில கொறச்சா நம்ம ஆளுங்க என்னா செஞ்சாங்க?" என்று கேட்டேன். கோட்டைக்கு அந்தப் பக்கம் கலாவின் கும்பல் மட்டும் "மொத்துனாங்க!" என்றது. அப்போதுதான் உறைத்தது: அண்ணே லயத்தில் குடியிருந்த பால் வெட்டும் ஆட்களை முதல் பஸ்ஸிலும், ஆபீஸ் குடும்பங்களை என் பஸ்ஸிலும் ஏற்றியிருக்கிறார். முன்வரிசையில் குடை பிடித்திருந்த அம்மா மெல்லச் சொன்னார்: "எங்கப்பாதான் தம்பி அந்தக் கிராணி."

மறுவருஷம் இரண்டு பஸ்ஸும் கலாவுக்கே போய்விட்டன. அந்தக் கோட்டையை விட்டு ஓட டச்சுக்காரனுக்கு இரண்டு தடவை ஆனது, எனக்கு ஒரே தடவையில் முடிந்தது.